பையன் பிறந்தநாள்தான் பூட்டு நம்பரா?

கேள்வி: அக்கா, நாங்க டல்லாஸ் பக்கத்துல ஃப்ரிஸ்கோல இருக்கோம். போன வருஷம்தான் எங்க மூணு பேருக்கும் கிரீன் கார்டு வந்துச்சு. நான் திங்கக்கிழமை காலைல சிகாகோ கிளையன்ட் ஆபீஸுக்கு ஃப்ளைட் ஏறினா வியாழன் ராத்திரிதான் திரும்புவேன். வீட்டுல மனைவியும் 6 வயசு பையனும் மட்டும்தான். ரெண்டு தெரு தள்ளி நம்ம ஊர்க்காரங்க வீட்டுல பட்டப்பகல்ல புகுந்து நகையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க, அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. மனைவிக்கு ஒரு ஹேண்ட்கன் வாங்கித் தரலாம்னு இருக்கேன். அவங்க இதுவரைக்கும் துப்பாக்கியத் தொட்டதே இல்ல, கையும் சின்னது. ஒன்பது எம்எம் குண்டு போடற கிளாக் 19 பிஸ்டல் வாங்கவா, அதவிடக் கொஞ்சம் சின்னக் குண்டு போடற குட்டி .380 பிஸ்டல் வாங்கவா, இல்ல ரிவால்வரா? கல்யாண நாளுக்கு சர்ப்ரைஸா கொடுக்கப் போறேன். கட்டில் பக்கத்துல வைக்கற சின்ன சேஃப் கூட பாத்து வெச்சுட்டேன். டென்ஷன்ல அவங்களுக்கு நம்பர் மறந்துடும், அதனால பையன் பிறந்தநாளையே கோடா போட்டுடுவேன்.
— ஃப்ரிஸ்கோ வாசகர்

பதில்:

தம்பி, இந்த லெட்டர் எனக்குப் புதுசில்ல, ஊர் பேரும் துப்பாக்கி பேரும்தான் மாறும், எழுதறது எப்பவும் புருஷன்தான், கேக்கறது எப்பவும் "எந்த மாடல்"தான். மாடலுக்கு அப்புறமா வரேன். நீ போற போக்குல கடைசியா ஒரு வரி எழுதிட்டுப் போன பாரு, நான் அதுலயே நின்னுட்டேன்.

பையன் பிறந்தநாள்! ஏம்ப்பா, 6 வயசுப் பையனுக்கு உலகத்துல நல்லாத் தெரிஞ்ச ஒரே நம்பரே அதுதானே. கிண்டர்கார்டன்ல சேர்ந்த நாள்லேர்ந்து அதைத்தான் சொல்லச் சொல்றாங்க, எழுதச் சொல்றாங்க, காலண்டர்ல வட்டம் போட்டு இன்னும் எத்தன நாள்னு தினம் எண்றான். உங்க வீட்டு ஐபேட் நம்பர் என்ன? கராஜ் கீபேட் நம்பர் என்ன? நான் நேர்ல பாத்த மாதிரி சொல்றேன், ரெண்டும் அதேதான், ரெண்டையும் அவன் உங்கள விட வேகமா அடிப்பான். நீ வாங்கப் போறது சேஃப் இல்ல, அவனுக்கு ஏற்கனவே பழக்கமான இன்னொரு கீபேட்.

அவன் சின்னப் பையன், அதெல்லாம் தொட மாட்டான்னு சொல்லாத. 2023 ஜனவரி 6, வர்ஜீனியால நியூபோர்ட் நியூஸ்ங்கற ஊர், ஒண்ணாங் கிளாஸ் பையன் வகுப்புல வெச்சு டீச்சரச் சுட்டான். அவனுக்கும் 6 வயசுதான். துப்பாக்கி அவங்க அம்மா சட்டப்படி வாங்கினது. பூட்டுப் போட்டு அலமாரி மேல் தட்டுல வெச்சிருந்தோம்னு குடும்பத்து வக்கீல் சொன்னார், டிராயர் மேல ஏறி அம்மா ஹேண்ட்பேக்லேர்ந்து எடுத்தேன்னு பையன் சொன்னான். டீச்சர் பொழச்சது பெரிய விஷயம். அந்த அம்மாவுக்கு மத்திய கோர்ட்டுல 21 மாசம், வர்ஜீனியா கோர்ட்டுல 2 வருஷம் ஜெயில். டெக்சாஸ்ல உனக்கும் சட்டம் இருக்கு, சுடற நிலைமைல இருக்கற துப்பாக்கி உன் அஜாக்கிரதையால 17 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கைக்குப் போனாலே குற்றம், அந்தப் பிள்ளை சுட்டு யாருக்காவது பெரிய காயமோ சாவோ ஆனா ஒரு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். ஜெயில விடு. ஜெயிலுக்குப் போறவன் திரும்பி வந்துடுவான்.

சரி, நம்பர மாத்திடறேன்க்கா, மேட்டர் முடிஞ்சுதுன்னு நெனைக்கற இல்ல? முடியல. அந்த வரில இன்னொண்ணு இருக்கு. "டென்ஷன்ல அவங்களுக்கு நம்பர் மறந்துடும்". அப்ப நீயே ஒத்துக்கற, நடுராத்திரி கண்ணாடி உடையற சத்தம் கேட்டா உன் பொண்டாட்டிக்கு நாலு நம்பர் ஞாபகம் வராதுன்னு. ஆனா அதே பொண்ணு அதே இருட்டுல சேஃபத் திறந்து, துப்பாக்கிய எடுத்து, ட்ரிகர்ல வெரல் வெக்காம புடிச்சு, எதிர்ல அசையற உருவம் திருடனா இல்ல மாடிலேர்ந்து "அம்மா"ன்னு எறங்கி வர புள்ளையான்னு ஒரு செகண்டுல கண்டுபிடிச்சுடுவா, அப்படித்தானே? நம்பர் மறக்கறவளுக்கு இவ்வளவும் எப்படிப்பா ஞாபகம் இருக்கும்?

ஃப்ரிஸ்கோ வீடுங்க எனக்குத் தெரியும். முக்காவாசி வீட்டுல மாஸ்டர் பெட்ரூம் கீழ, பசங்க ரூம் மேல. சுவர்னு நாம சொல்றது நம்ம ஊர் செங்கல் சுவர் இல்ல, மரச் சட்டத்துக்கு ரெண்டு பக்கமும் அரை இஞ்சு ஜிப்சம் போர்டு. ஒன்பது எம்எம் குண்டு அந்த மாதிரி ரெண்டு மூணு சுவரத் தாண்டிப் போகும், பட்டதும் விரியற மாதிரி முனைல குழி வெச்ச ஹாலோ பாயின்ட் குண்டா இருந்தாலும் போகும். அவ சுடற திசைக்குப் பின்னாடி யார் படுத்திருக்காங்கன்னு நீ ஒரு தடவையாவது வீட்டச் சுத்தி வந்து பாத்தியா? இதை மொதல்ல பாத்துட்டு அப்புறம் கிளாக்கா ரிவால்வரான்னு பேசலாம்.

நான் துப்பாக்கிக்கு எதிரி இல்ல, என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லிடறேன். 2003-ல இந்த ஊருக்கு வந்தேன், ரெண்டு வருஷம் கழிச்சு என் வீட்டுக்காரரும் உன்ன மாதிரியே கெளம்பினார். கடைல ஒருத்தன் என் கையப் பாத்துட்டு, லேடீஸுக்கு இதுதான்னு உள்ளங்கைல அடங்கற மாதிரி ஒரு குட்டித் துப்பாக்கிய எடுத்து வெச்சான். ரேஞ்சுல அஞ்சு குண்டு சுட்டேன், கட்டைவிரல் இடுக்கு கிழிஞ்சு மூணு நாள் தோசைக் கரண்டி புடிக்க முடியல. அப்புறம் ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகல. சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கின்னு எல்லாரும் நெனைக்கறாங்க, நெஜம் தலைகீழு. எடை கொறைய கொறைய உதை ஜாஸ்தி. பாக்கெட்ல போடற .380 சுமார் 10 அவுன்ஸ்தான் இருக்கும், கிளாக் 19 அதப்போல ரெண்டு மடங்குக்கு மேல, அந்த எடைதான் உதைய வாங்கிக்கும். லேசான ரிவால்வர் பாக்க சிம்பிள், ஆனா அஞ்சே குண்டு, ட்ரிகர் கல்லு மாதிரி, புதுசா சுடறவங்க அத இழுக்கறதுக்குள்ள குறி எங்கயோ போயிடும். பிஸ்டல்ல குண்ட ஏத்த பின்னால இழுக்கற மேல் பாகம், ஸ்லைடுன்னு சொல்வாங்க, அத இழுக்கறது கஷ்டமா இருந்தா அதுக்குன்னே ஈஸியா செஞ்ச மாடல் இருக்கு, ஸ்மித் அண்ட் வெஸன்ல ஷீல்டு ஈஸி. ஆனா முக்காவாசிப் பேருக்கு பலம் பிரச்சனை இல்ல, சொல்லிக் கொடுத்த விதம்தான் பிரச்சனை, ஒரு கையால ஸ்லைட மேலேர்ந்து கெட்டியாப் புடிச்சுகிட்டு இன்னொரு கையால துப்பாக்கிய முன்னால தள்ளணும், அவ்வளவுதான், அம்மிக்கல்லு தள்ளின பொம்பளைங்க நாம.

இது எல்லாமே அவ கைல புடிச்சுப் பாத்து அவளே முடிவு பண்ண வேண்டியது. வாடகைக்குத் துப்பாக்கி கொடுக்கற ரேஞ்ச் உங்க பக்கம் எத்தனையோ இருக்கு. மொத நாள் ரொம்பச் சின்னக் குண்டு போடற .22 மட்டும், உதையே தெரியாது, காதுக்குள்ள ப்ளக்கும் அதுக்கு மேல காத மூடற மஃபும் ரெண்டும் போடச் சொல்லு, ஒன்பது எம்எம் சத்தம் 160 டெசிபல் வரும், அது மொத நாளே பயமுறுத்திட்டா அப்புறம் ட்ரிகர் தொடறதுக்கு முன்னாடியே கண்ண மூடிக்குவா. சொல்லிக் கொடுக்க நீ நிக்காத. கார் ஓட்டக் கத்துக் கொடுத்தப்பவே என்ன சண்டை நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும். பொம்பளை இன்ஸ்ட்ரக்டரா பாத்து சேத்து விடு, நீ பக்கத்து லேன்ல நின்னு நீயும் கத்துக்கோ. அஞ்சாறு வாரம் போகட்டும். அதுக்கப்புறம் அவ வேணும்னு சொன்னா வாங்கு, வேண்டாம்னு சொன்னா வாய மூடிகிட்டு அதோட விட்டுடு.

ஏன்னா உன் லெட்டர மூணு தடவ படிச்சேன், அவ என்ன சொன்னான்னு ஒரு எழுத்து இல்ல. அவ கை சின்னது, அவளுக்கு நம்பர் மறக்கும், அவளுக்கு சர்ப்ரைஸ். சர்ப்ரைஸா கொடுக்க இது என்ன பட்டுப்பொடவையா? பரிசா வாங்கிக் கொடுக்க சட்டம் தடுக்கல, அது வேற. (எச்1பி, எச்4 விசால இருக்கறவங்க இதைப் படிச்சுட்டுக் கடைக்கு ஓடாதீங்க, உங்களுக்கு துப்பாக்கி வெச்சுக்கறதே மத்திய சட்டப்படி குற்றம், வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு விலக்குதான் உண்டு, வக்கீலக் கேக்காம தொடாதீங்க.) என் காலத்து ஆள் மாதிரியே பேசறேன்னு சொல்லு பரவால்ல, வீட்டக் காக்கறது ரெண்டு பேர் கடமை. வாரத்துல நாலு நாள் நீ இல்ல, அந்த உறுத்தலுக்கு மருந்தா ஒரு இரும்ப வாங்கி அவ தலைமாட்டுல வெச்சுட்டு நிம்மதியா ஃப்ளைட் ஏறலாம்னு பாக்கற. மேனேஜர்கிட்ட ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ போறேன்னு கேட்டுப் பாத்தியா? கேட்டிருக்க மாட்ட, துப்பாக்கி வாங்கறது அதவிட ஈஸி.

உன் பயம் பொய்யின்னு சொல்லல. 2011-லேர்ந்து 2014 வரைக்கும் ஜார்ஜியா, நியூயார்க், ஒஹாயோ, மிச்சிகன், டெக்சாஸ்னு இந்திய, ஆசியக் குடும்பங்களாப் பாத்து வீடு புகுந்து கொள்ளையடிச்ச ஒரு கும்பலே இருந்துச்சு, தலைவிக்கு 37 வருஷம் தண்டனை. அவங்க தேடி வந்தது எதை? தங்கத்தை. அத எதுக்கு வீட்டுல வெச்சிருக்க? பேங்க் லாக்கர்ல கொண்டு போய் வை, கோயிலுக்குப் போட்டுகிட்டுப் போன ஃபோட்டோவ ஃபேஸ்புக்ல போடறத நிறுத்து. வாசக் கதவு நிலைல பூட்டு நாக்கு போய் உக்கார்ற தகடு, ஸ்ட்ரைக் ப்ளேட்டு, அதுல பில்டர் போட்ட குட்டி ஸ்க்ரூவக் கழட்டிட்டு மூணு இஞ்சு ஸ்க்ரூ போடு, பத்து டாலர் ஆகாது. கராஜ்லேர்ந்து வீட்டுக்குள்ள வர கதவையும் ராத்திரி பூட்டணும், பாதிப் பேர் பூட்டறதே இல்ல. அவளும் பையனும் வாரத்து நாள்ல ஒரே மாடில படுக்கட்டும், சத்தம் கேட்டா பையன் ரூமுக்குப் போய்க் கதவப் பூட்டிகிட்டு 911, அவ்வளவுதான் பிளான், இத ரெண்டு தடவ நடந்து பழகுங்க. துப்பாக்கி வந்தாலும் அந்தப் பூட்டின கதவுக்கு உள்பக்கம்தான் அதோட எடம், வீடு பூரா அத தூக்கிகிட்டுத் தேடிப் போறது சினிமா.

இன்னொண்ணு, இத நேராவே கேக்கறேன். நாலு நாள் ஒரு பெரிய வீட்டுல ஒரு புள்ளையோட தனியா இருக்கறவ, அவ மனசு எப்படி இருக்கு? 2021-ல இந்த நாட்டுல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர், அதுல 26,328 பேர் தன்னைத்தானே சுட்டுகிட்டவங்க, திருடனும் இல்ல போலீஸும் இல்ல. அவ சரியாத் தூங்கறாளா, யார்கூடவாவது பேசறாளான்னு உனக்குத் தெரியலன்னா இப்போதைக்கு வீட்டுக்குள்ள துப்பாக்கியே வரக் கூடாது. அவளுக்கோ உனக்கோ மனசு ரொம்ப பாரமா இருந்தா 988-க்கு போன் போடலாம், ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க.

சேஃப் வாங்கறதுன்னா கைரேகைல திறக்கறதப் பாத்து மயங்காத. 2023-ல ஒரு பிராண்டு சேஃப் சுமார் 61,000 திரும்ப எடுத்தாங்க, ரேகை பதியாம விட்டா யார் வெரல் வெச்சாலும் திறந்துச்சு, ஒரு 12 வயசுப் பையன் போயிட்டான். பட்டன் போதும். கோடு அவளே போடட்டும், உனக்குச் சொல்லணுமா வேண்டாமான்னு கூட அவளே முடிவு பண்ணட்டும், பத்து நாள் கண்ண மூடிகிட்டு அடிச்சுப் பழகினா எந்த டென்ஷன்லயும் மறக்காது, சமையல் ரூம்ல இருட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியும்.

இந்த வியாழன் வீட்டுக்கு வந்ததும் பையனக் கூப்ட்டு, சும்மா வெளையாட்டுக்கு, ஐபேட் திறக்கச் சொல்லிப் பாரு. அப்புறம் கராஜ் நம்பரையும் மாத்திடு.