ஊரே சேர்ந்து ஒரு நெட் கனெக்‌ஷன் எடுத்து பிரிச்சுக்கலாமா?

கேள்வி: பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் பாரத்நெட் ஃபைபர் வந்துடுச்சு, ஆனா எங்க மூணு குக்கிராமத்துல வீடுகளுக்கு நெட் இல்ல. மகளிர் குழுவும் பசங்களும் சேர்ந்து ஒரு லைன் எடுத்து எல்லாருக்கும் குடுத்து, மாசாமாசம் காசு வாங்கிக்கலாமா? லைசென்ஸ் வேணுமா?

பதில்: தாராளமா செய்யலாம், ஆனா வழி முக்கியம். வீட்டு பிராட்பேண்ட் ஒண்ண எடுத்து ஸ்விட்ச் போட்டு வீடு வீடா வயர் இழுத்து காசு வாங்கினா அது அனுமதி இல்லாம டெலிகாம் சேவை நடத்துறதா ஆயிடும், 2023 டெலிகாம் சட்டத்துல அதுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 2 கோடி வரைக்கும் அபராதம்னு இருக்கு. அந்த லைன்ல யாராச்சும் மோசடி பண்ணா போலீஸ் வந்து நிக்கிறது லைன் யார் பேர்ல இருக்கோ அவர் வீட்டு வாசல்லதான்.

உங்களுக்கு சரியான வழி பிஎம்-வாணி. 2020 டிசம்பர்ல மத்திய அரசு ஒப்புதல் குடுத்த திட்டம், அந்தக்கால எஸ்டிடி பூத் மாதிரி வைஃபை பூத்னு வெச்சுக்கோங்க. பூத் நடத்துறவங்களுக்கு பேரு பிடிஓ (பப்ளிக் டேட்டா ஆபீஸ்). இதுக்கு லைசென்ஸ் வேணாம், அரசுகிட்ட பதிவு வேணாம், கட்டணமும் இல்ல. ஓடிபி வாங்குறது, யார் எவ்வளவு யூஸ் பண்ணாங்கன்னு கணக்கு வைக்கிறது எல்லாம் பிடிஓஏன்னு (பல பிடிஓக்களை ஒண்ணா சேர்த்து நடத்துறவங்க) தொலைத்தொடர்புத் துறையில பதிவு பண்ண கம்பெனி பாத்துக்கும், அதனால நாளைக்கு விசாரணைன்னு வந்தாலும் ரெக்கார்டு இருக்கும்.

முன்னாடி இதுல பெரிய தலைவலி லைன் விலைதான், லீஸ்டு லைன் (கம்பெனிகளுக்குன்னு தர்ற விலை கூடின தனி லைன்) எடுங்கன்னு சொல்லி நெட் கம்பெனிக்காரங்க விரட்டிடுவாங்க. 2025 ஜூன்ல டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) போட்ட உத்தரவுப்படி 200 எம்பிபிஎஸ் வரைக்கும் உள்ள சாதாரண ஃபைபர் பிளான்களை பிடிஓவுக்கும் தரணும், வீட்டு விலையில ரெண்டு மடங்குக்கு மேல கேக்கக் கூடாது. அதுக்கு மேல கேட்டா இந்த உத்தரவைக் காட்டுங்க.

குக்கிராமத்துக்கு சிக்னல் கொண்டு போக 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ (வயர் இல்லாம ரெண்டு இடத்தை இணைக்கிற கருவி) போதும், 2018ல அந்த அலைவரிசையில நிறைய பகுதிய லைசென்ஸ் இல்லாம ஆக்கிட்டாங்க, நடுவுல மரம் மறைக்காம இருந்தா சரி (கரண்ட் போனா தாங்குற மாதிரி ஒரு யுபிஎஸ் கண்டிப்பா வைங்க). ஆனா பிஎம்-வாணில குடுக்க முடியறது வைஃபை மட்டும்தான். வீட்டுக்குள்ள வயர் வேணும்னா ஏற்கனவே லைசென்ஸ் உள்ள கம்பெனியோட பார்ட்னரா சேரணும், இல்ல சின்ன ஏரியாவுக்கான ஐஎஸ்பி (இன்டர்நெட் சேவை தர்ற கம்பெனி) லைசென்ஸ் எடுக்கணும், அது முதல் வருஷத்துலயே வேணாங்கிறது என் அபிப்பிராயம்.

எனக்கு வருத்தம் என்னன்னா நம்ம கொள்கையில ஊர் கூட்டா சேர்ந்து நடத்துற நெட்வொர்க்குக்குன்னு தனி இடமே இல்ல. 2018 தேசிய டிஜிட்டல் தொடர்புக் கொள்கை 2022க்குள்ள 1 கோடி பொது வைஃபைன்னு சொல்லுச்சு, இன்னும் சில லட்சத்துலதான் நிக்குது. இங்கிலாந்துல லங்காஷயர் பக்கம் கிராமத்து ஜனங்களே பங்கு போட்டு, விவசாயிங்க நிலத்துல இலவசமா பள்ளம் தோண்ட விட்டு, 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் போட்டிருக்காங்க, பேரு பி4ஆர்என். நம்மளாலயும் முடியும்.

அதனால தனியாள் பேர்ல ஆரம்பிக்காதீங்க. சங்கமா பதிவு பண்ணி, பேங்க் கணக்கு, லைன் ரெண்டும் சங்கம் பேர்லயே எடுங்க. பிடிஓஏகிட்ட கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி வருமானத்துல பங்கு எவ்வளவு, ரவுட்டரும் ரேடியோவும் யாருக்கு சொந்தம், பிடிக்கலன்னா வேற பிடிஓஏவுக்கு மாறலாமா, இந்த மூணையும் எழுத்துல வாங்கிடுங்க.