இரண்டு ‘வெரி குட்’, ஒரு ‘எக்ஸலண்ட்’… ஆனாலும் கிராண்ட் கிடைக்கவில்லை. ஏன்?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளரும் குழந்தைகள் ஒலிகளை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பது என் ஆய்வு. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (என்.எஸ்.எஃப்.) மொழியியல் திட்டத்துக்கு அனுப்பிய முதல் புரொபோசல் (கிராண்ட் எனப்படும் ஆய்வு நிதியைக் கேட்கும் விண்ணப்பம்) நிராகரிக்கப்பட்டுவிட்டது. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் ‘எக்ஸலண்ட்’, இருவர் ‘வெரி குட்’ கொடுத்திருக்கிறார்கள். இதைவிடக் குறைவாக வாங்கிய நண்பர் ஒருவருக்குப் பணம் கிடைத்திருக்கிறது. என்.எஸ்.எஃப்.பில் இந்த விண்ணப்பங்களைக் கையாளும் திட்ட இயக்குநருக்கு எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரா? அடுத்த முறை எதை மாற்ற வேண்டும்? பட்ஜெட்டிலும் சில குழப்பங்கள் உண்டு.

பதில்: தாராளமாக எழுதுங்கள். விண்ணப்பதாரர்களோடு பேசுவதும் அவருடைய வேலைதான். அந்த நாற்காலியில் இருப்பவர்களில் சிலர் பல்கலைக்கழகத்திலிருந்து சில வருடங்களுக்கு வந்துபோகும் பேராசிரியர்கள். நிராகரிப்புக் கடிதம் அவர்களுக்கும் வந்திருக்கும். கோபம் ஆறிய பிறகு எழுதுங்கள், அவ்வளவுதான். ‘எனக்கு ஏன் கிடைக்கவில்லை’ என்று ஆரம்பிக்காதீர்கள். திருத்திய யோசனையை ஒரு பக்கத்தில் சுருக்கி இணைத்து, தொலைபேசியில் பேச நேரம் கேளுங்கள். மதிப்பீட்டாளர்கள் யார் என்று மட்டும் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டார்.

இப்போது மதிப்பெண் விஷயம். எக்ஸலண்ட், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று ஐந்து நிலைகள் இருப்பதால், யாரோ இவற்றைக் கூட்டி வகுத்து ரேங்க் போடுவதாகவே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மதிப்பீட்டாளர்களும், அவர்கள் கூடி விவாதிக்கும் குழுவும் தருவது ஆலோசனை மட்டுமே. அதை வைத்துத் திட்ட இயக்குநர் பரிந்துரை எழுதுகிறார். அவருக்கு மேலே இருப்பவர் ஒப்புக்கொள்கிறார். கடைசியில் கிராண்ட் அலுவலகத்தின் அதிகாரி கையெழுத்திட்டால்தான் அரசு சட்டப்படி கட்டுப்படும். அதனால் இயக்குநர் வாயால் நல்ல செய்தி சொன்னாலும், அதை நம்பி யாரையும் வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். தொடக்கத் தேதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள் செலவு செய்ய விதி இடம் தருகிறது, ஆனால் கிராண்ட் வராவிட்டால் அந்தச் செலவு பல்கலைக்கழகத்தின் தலையில்தான் விழும்.

இயக்குநர் தேர்ந்தெடுப்பது ஒரு புரொபோசலை அல்ல, ஒரு தொகுப்பை. ஒலியியல், தொடரியல், குழந்தை மொழி, சைகை மொழி எல்லாவற்றுக்கும் அதே பணம்தான். முதல் கிராண்ட் தேடுபவர்களும் வேண்டும், சிறிய கல்லூரிகளும் வேண்டும். உங்கள் கேள்விக்குப் பக்கத்துக் கேள்வி ஒன்றுக்குப் போன வருடம்தான் பணம் கொடுத்திருப்பார்கள். நண்பருடைய ‘குட்’ உங்கள் ‘வெரி குட்’டை முந்தியதில் அநியாயம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

நீங்கள் மாற்ற வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் என்பேன். ஒவ்வொரு புரொபோசலுக்கும் தன் முடிவை நியாயப்படுத்தி இயக்குநர் உள்ளே ஒரு குறிப்பு எழுதியாக வேண்டும். அது உங்கள் கண்ணில் படாது. ‘இந்த ஆய்வு முடிந்தால் நமக்கு இன்னது தெரியவரும்’ என்ற வாக்கியத்தை அவர் அதில் எழுத வேண்டும். அந்த வாக்கியம் உங்கள் பதினைந்து பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இருக்காது என்பது என் ஊகம், ஏனென்றால் முதல் புரொபோசல்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. எத்தனை குழந்தைகள், என்ன கருவி, என்ன புள்ளியியல் என்று எல்லாம் இருக்கும். முடிவு இப்படி வந்தால் எந்தக் கருத்து விழும் என்பது மட்டும் இருக்காது.

குழு எழுதிய சுருக்கத்தை மறுபடி படியுங்கள். முதல் பத்தியில் இருக்கும் பாராட்டைத் தாண்டிவிடலாம். ‘கேள்வி முக்கியமானது; ஆனால் முடிவுகள் எதைக் காட்டும் என்பதில் குழுவுக்குத் தெளிவு இல்லை’ என்பதுபோல மென்மையாக ஒரு வரி இருந்தால், உங்களை வீழ்த்தியது அதுதான். உங்கள் தலைப்பில் அந்த வரி எங்கிருந்து வரும் என்று எனக்கே தோன்றுகிறது. இருமொழிக் குழந்தை ஒரு ஒலி வேறுபாட்டைப் பிடிக்கத் தாமதித்தால், அது இரண்டு மொழிகளும் ஒன்றோடொன்று மோதுவதாலா? அல்லது ஒவ்வொரு மொழியையும் அந்தக் குழந்தை குறைந்த நேரமே கேட்பதாலா? இரண்டையும் பிரித்துக் காட்டாத பரிசோதனை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கேள்வி அப்படியே நிற்கும். கேட்கும் அளவைத் தனியாக அளந்து, ஒவ்வொரு கருத்தும் எந்த முடிவை எதிர்பார்க்கிறது என்று ஒரு சிறு அட்டவணை போடுங்கள். மூன்றாம் பக்கத்துக்குள் அது வந்துவிட வேண்டும்.

சமூகப் பயன் பகுதிக்குத் தனித் தலைப்பு கட்டாயம். இல்லையென்றால் படிக்காமலேயே திருப்பி அனுப்பலாம். ‘இணையதளம் தொடங்குவோம்’ என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். உங்கள் கையில் அதைவிட நல்ல விஷயம் இருக்கிறது. இருமொழிக் குழந்தையின் இயல்பான வளர்ச்சியைப் பேச்சுக் குறைபாடு என்று தவறாகக் கணிப்பது நடக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு உங்கள் தரவு எப்படிப் போய்ச் சேரும் என்று எழுதுங்கள்.

இயக்குநரிடம் பேசும்போது இன்னொன்றும் கேளுங்கள். வளர்ச்சி அறிவியல் திட்டத்தோடு சேர்த்து மதிப்பிட இதற்கு இடம் உண்டா? இரண்டு திட்டங்கள் செலவைப் பகிர்ந்துகொள்வது வழக்கத்தில் உள்ளதுதான், குழந்தை மொழி ஆய்வுக்கு அது நன்றாகவே பொருந்தும். பழைய புரொபோசலைப் பெரிதாக மாற்றாமல் அப்படியே அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். பரிசோதனைக்கு வரும் குடும்பங்களுக்குக் கொடுக்கும் தொகையைப் ‘பங்கேற்பாளர் உதவி’ வரியில் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்த வரி பயிற்சிக்கும் மாநாட்டுக்கும் வருபவர்களுக்கானது. ஆய்வுக்கு உட்படுபவர்களுக்கான தொகை ‘இதர செலவுகள்’ வரிக்குப் போக வேண்டும். சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட முடியாது: பங்கேற்பாளர் உதவிக்குப் பல்கலைக்கழகத்தின் மறைமுகச் செலவு விகிதம் (கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்காகப் பல்கலைக்கழகம் சேர்க்கும் சதவீதம்) கிடையாது, அந்தப் பணத்தை வேறு வரிக்கு மாற்ற முன் அனுமதியும் வேண்டும். தவறான வரியில் போட்டால் மொத்தக் கணக்கும் தப்பாகும். உங்கள் சம்பளத்துக்குப் பொதுவான வரம்பு வருடத்துக்கு இரண்டு மாதம். அது உங்கள் என்.எஸ்.எஃப். கிராண்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

மொழி ஆய்வில் பணம் கரைவது கருவியில் அல்ல, ஆள் உழைப்பில். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கிக் குறியிடப் பல மணி நேரம் ஆகும். அதற்கு மாணவர் ஊதியம் போடாத பட்ஜெட்டைப் பார்த்தால், இவர் இந்த வேலையைச் செய்து பார்த்ததில்லை என்று மதிப்பீட்டாளருக்குத் தோன்றிவிடும். தரவைப் பகிரும் திட்டத்தில் ‘கேட்பவர்களுக்குத் தருவோம்’ என்று எழுதாமல் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். குழந்தை மொழிக்கு 1984-இல் தொடங்கிய சைல்ட்ஸ் என்ற தரவுக் களஞ்சியம் இருக்கிறது. வீடியோவுக்குக் கட்டுப்பாட்டோடு அனுமதி தரும் டேட்டாபிரரி என்ற களஞ்சியம் இருக்கிறது. பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்திலேயே பகிர்வுக்கான அனுமதியும் இருக்கட்டும். ஆய்வு முடிந்தபின் அந்தக் குடும்பங்களைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

உங்கள் கையில் இல்லாததும் உண்டு. 1966-இல், கணினி மொழிபெயர்ப்பை மதிப்பிட்ட ஆல்பாக் குழுவின் அறிக்கை வந்த பிறகு இயந்திர மொழிபெயர்ப்புக்கான அமெரிக்க அரசுப் பணம் பல வருடங்களுக்கு வற்றிப்போனது. 2025-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட என்.எஸ்.எஃப். கிராண்டுகள் பாதியிலேயே ரத்தாயின. அமைப்பும் விதிகளும் இப்போது மாறிக்கொண்டிருப்பதால், போன வருடத்து என்.எஸ்.எஃப். விதிக் கையேட்டை நம்பாமல் நீங்கள் அனுப்பும் தேதிக்குச் செல்லுபடியாகும் பதிப்பைப் பாருங்கள். கிராண்ட் வந்த பிறகு பில்களைத் தேக்கி வைக்காதீர்கள்; பணம் நிற்கும் நாளில் கணக்கு சுத்தமாக இருப்பவர் தப்பிப்பார்.

குழந்தைகளைச் சேர்ப்பது எப்போதும் தாமதமாகும். கூடுதல் பணம் கேட்காத முதல் கால நீட்டிப்பை ஒரு வருடம் வரை பல்கலைக்கழகமே கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் கிராண்ட் முடிவதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே என்.எஸ்.எஃப்.புக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆண்டறிக்கை பாக்கி இருந்தால் அந்த கிராண்டின் தலைமை ஆய்வாளருக்கும் இணை ஆய்வாளர்களுக்கும் புதுப் பணம் நின்றுவிடும். எனவே அடுத்த புரொபோசலில் யாரையாவது சேர்த்துக்கொள்வதாக இருந்தால், பழைய அறிக்கை ஏதாவது பாக்கி வைத்திருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.