புள்ளி விழாத பேனா

அன்புள்ள சார்,

பல வருடங்களாக ஒரே மைப்பேனாவில் எழுதி வருகிறேன். எழுத்தாளன் எல்லாம் இல்லை. நாட்குறிப்பு, கணக்கு, எப்போதாவது ஒரு கடிதம், அவ்வளவுதான். அடுத்த மாதம் பேனாக் கண்காட்சி ஒன்றுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். இதுதான் முதல் தடவை. நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “அதெல்லாம் சேகரிக்கிறவர்கள் போகிற இடம், நீ போய் என்ன செய்யப்போகிறாய்?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு நிப்பு வகைகள் தெரியாது, பழைய பேனாக்களின் பெயர் தெரியாது, வாரி வாங்கப் பணமும் கிடையாது. மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம் எதையாவது கேட்டு அசடு வழியக் கூடாதே என்பதுதான் கவலை. அங்கே என்ன பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும்?

இன்னொன்று. தாத்தாவின் பேனா ஒன்று வீட்டில் கிடக்கிறது. கறுப்பு நிறம். பக்கவாட்டில் சிறிய உலோக நெம்புகோல் ஒன்று இருக்கிறது. நகத்தால் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. எண்ணெய் விடலாமா, வெந்நீரில் ஊறப்போடலாமா? கண்காட்சிக்குக் கொண்டுபோனால் யாராவது பார்ப்பார்களா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நெம்புகோலைத் தொடாதீர்கள். எண்ணெயும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம்.

நெம்புகோலால் மை இழுக்கும் ஏற்பாட்டுக்கு வால்டர் ஷீஃபர் 1908-ல் காப்புரிமை பெற்றார். உள்ளே ஒரு ரப்பர் பை, அதன்மேல் நீளவாக்கில் ஒரு உலோகப் பட்டை. நெம்புகோலைத் தூக்கினால் பட்டை பையை நசுக்கும். விட்டால் பை உப்பி மையை உறிஞ்சிக்கொள்ளும். இத்தனை காலத்தில் அந்த ரப்பர் சருகு மாதிரிக் காய்ந்து கெட்டியாகியிருக்கும், இல்லாவிட்டால் தார் மாதிரி இளகி உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் நீங்கள் பலம் காட்டினால் முறிவது நெம்புகோல்தான். பேனாவின் உடம்பு அநேகமாக எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெந்நீரில் போட்டால் ஒரே குளியலில் கறுப்பு போய்ப் பழுப்பேறிவிடும்.

பை மாற்றுவது தெரிந்தவருக்குச் சின்ன வேலை. கழுத்தை இதமாகச் சூடுகாட்டிக் கழற்றுவார். பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுப் பையை அளந்து வெட்டி அரக்கு வைத்து ஒட்டுவார். ஏன் அரக்கு என்றால், அடுத்த முறை பிரிக்க வேண்டி வந்தால் லேசான சூட்டுக்கே விட்டுக்கொடுத்துவிடும். கண்டகண்ட பசை போட்டு ஒட்டிய பேனாவைப் பிரிக்க நேர்ந்தவர்கள் ஒட்டியவரைத் திட்டாமல் இருப்பதில்லை. பேனாக் கண்காட்சிகளில் இந்த வேலை தெரிந்த ஒருவராவது பெரும்பாலும் மேசை போட்டிருப்பார். கொண்டுபோங்கள்.

இனி உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். சேகரிப்பவர்கள் வருகிற இடம் என்பது சரி. அதனால் நீங்கள் போகக் கூடாது என்பது எப்படி என்றுதான் புரியவில்லை. நானும் முதல் தடவை இதே தயக்கத்தோடு வாசலில் நின்றவன். உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டவை முதுகுகள். வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசை மீதும் நாலைந்து பேர் குனிந்திருக்கிறார்கள். தட்டுகளில் பேனாக்கள் ஒன்றையொன்று உரசாமல் பள்ளத்துக்கு ஒன்றாகப் படுத்திருக்கின்றன. நான் ஒன்றைக் கையில் எடுத்து மூடியை வெடுக்கென்று இழுத்தேன். அது மரை போட்ட மூடி. எதிரே இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் நீட்டினார். வாங்கி, இரண்டு சுற்றுச் சுற்றித் திறந்து, திரும்பக் கொடுத்தார். நான் வழிந்த அசடு அவ்வளவுதான். அதே ஆள் பிறகு என்னிடம் அரை மணி நேரம் பேசினார்.

தெரிந்துகொள்ள வேண்டிய மரியாதைகள் கொஞ்சம்தான். கேட்டுவிட்டு எடுங்கள். திறந்து தரச் சொல்லுங்கள். கழற்றிய மூடியைப் பேனாவின் பின்புறம் செருகாதீர்கள், பழைய பேனாவில் கீறல் விழும், சிலது விரிசலே விட்டுவிடும். மை தொட்டு எழுதலாமா என்று கேளுங்கள், சிலர் சம்மதிப்பார்கள், சிலர் மாட்டார்கள். நிப்பை நகத்தில் வைத்து அழுத்தி வளைகிறதா என்று பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தெரியாததைக் கேட்க வெட்கப்பட வேண்டியதே இல்லை. பழைய பேனா வைத்திருப்பவரிடம், “இதில் மை எப்படி இழுப்பது?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மனிதர் முகம் மலர்ந்துவிடும். கை கறைபடாமல் மையை உள்ளே அனுப்ப மனிதர்கள் எத்தனை வழி யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். உடம்புக்கு வெளியே பிறை மாதிரி ஒரு வளையத்தை வைத்து அதை அழுத்தச் சொன்னது கான்க்ளின் என்ற பேனாக் கம்பெனி. 1929-ல் பெலிகன் பின்முனையைத் திருகினால் பிஸ்டன் ஏறி இறங்கும்படி செய்தது. பார்க்கர் 61 என்று ஒன்று 1956-ல் வந்தது. அதைத் தலைகீழாக, பின்பக்கத்தை மைக்குள் விட்டு நிறுத்திவைத்தால் போதும், திரி எண்ணெயை இழுப்பது போலத் தானே இழுத்துக்கொள்ளும். நம் வேலை சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

மையை உள்ளே விடுவது ஒரு பாடு என்றால், சொட்டாமல் வெளியே கொண்டுவருவது இன்னொரு பாடு. நிப்புக்கு அடியில் கறுப்பாக, வரிவரியாக வெட்டு வைத்து இருக்குமே, அந்த நாக்குதான் அதைச் செய்கிறது. மை ஒரு வழியில் இறங்க, அது காலி செய்த இடத்துக்குக் காற்று ஏற வேண்டும். இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்து 1884-ல் காப்புரிமை வாங்கியவர் லூயிஸ் வாட்டர்மேன். ஒப்பந்தத் தாளில் மை கொட்டி வியாபாரம் கைவிட்டுப் போன கோபத்தில் அவர் பேனா செய்தார் என்று ஒரு கதையை எந்த மேசையிலாவது கேட்பீர்கள். ஆதாரம் இல்லாத கதை. சுவாரசியமாகச் சொல்வார்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு ஓர் அடி விழுந்திருக்கிறது. அதைச் சொன்னால் நீங்கள் அங்கே என்ன பார்க்க வேண்டும் என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.

அந்த முதல் கண்காட்சியில் ஒரு பேனா பிடித்துப்போயிற்று. எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். எல்லாரையும் போல நானும் கையெழுத்துப் போட்டேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னொரு தடவை போட்டேன், கீழே ஒரு கோடும் இழுத்தேன். வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் எங்கேயோ இடறுகிறது. ‘கல்’ எல்லாம் ‘கல’ ஆகியிருக்கிறது. ‘மண்’ ‘மண’ ஆகியிருக்கிறது. வைத்த புள்ளிகளில் பாதி தாளில் இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று ஏடு எழுதியவர்கள் விட்டுவிடுவார்களாம். என் நோட்டு அன்று ஓலைச்சுவடியாகிவிட்டது.

பேனா புதிது, மை நல்ல மை, ஆனாலும் புள்ளி விழவில்லை. காரணம் நிப்பின் நுனியில் இருந்தது. அந்த நுனியில் கடினமான உலோகத்தில் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள், அதன் நடுவே பிளவு ஓடும். பிளவின் இரண்டு உதடுகளும் தாளைத் தொட்டால்தான் மை இறங்கும். வழவழப்பு வேண்டும் என்று உதடுகளை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால் அவை உள்பக்கமாக உருண்டுவிடும். மை பிளவுக்குள்ளேயே ஒரு மயிரிழை மேலே தங்கிவிடும். ஆங்கிலத்தில் இந்தக் கோளாறுக்குக் குழந்தையின் பிட்டம் என்று பெயர். லென்ஸில் ஒரு தடவை பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். இப்படிப்பட்ட நிப்பு, கோடு இழுக்கும்போது முதல் தொடுதலில் ஏமாற்றிவிட்டு அப்புறம் சரியாகிவிடும். புள்ளிக்கோ முதல் தொடுதலோடு வேலை முடிந்துவிடுகிறது. ‘பார்த்துக்கொண்டிருந்தார்கள்’ என்று ஒரு சொல் எழுதினால் ஏழு புள்ளி வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தப் பேனாவோடு ஒரு மாதிரி காலம் தள்ள முடியும். தமிழ் எழுதுகிறவருக்குப் பக்கத்துக்கு நூறு தடவை தெரிந்துவிடும்.

எனவே கையெழுத்துப் போட்டுப் பேனா பார்க்காதீர்கள். கையெழுத்து நமக்குப் பழகிய பழக்கத்தில் வேகமாகவும் அழுத்தமாகவும் வரும், எந்த மோசமான நிப்பும் அதில் தேறிவிடும். நாட்குறிப்பில் நேற்று எழுதிய நாலு வரியை அப்படியே, வழக்கமான வேகத்தில் எழுதுங்கள். நின்றுகொண்டு எழுத வேண்டாம், நாற்காலி கேளுங்கள். தாளும் நீங்கள் அன்றாடம் எழுதுகிற தாளாக இருக்கட்டும், மேசையில் வைத்திருக்கும் வழவழத் தாளில் எல்லாப் பேனாவும் நன்றாகவே எழுதும். கடைசியாக ஒரு வரிசை புள்ளி வையுங்கள். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிப்பை மைக்குள் முக்கி எழுதும்போது நாக்கெல்லாம் நனைந்து மை தாராளமாக வரும். மை நிரப்பி எழுதும்போது அவ்வளவு வராது. முக்கி எழுதினால் நுனியின் குணம் தெரியும். ஓட்டம் தெரியாது.

நுனி எவ்வளவு பருமன் என்பதிலும் நம் எழுத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. ண, ஞ, ஐ இவற்றின் சுழிகளைச் சின்னதாக எழுதுகிற கை என்றால் தடித்த நிப்பில் சுழிகள் அடைத்துக்கொண்டு பொட்டாகிவிடும். பைலட், செய்லர், பிளாட்டினம் போன்ற ஜப்பானியப் பேனாக்களின் மெல்லிய நிப்பு ஐரோப்பிய மெல்லிய நிப்பைவிடப் பொதுவாக ஒரு சுற்று மெலிது. ஜப்பானியர் எழுதுகிற, கோடுகள் நெருங்கிக் கிடக்கும் ‘கான்ஜி’ எழுத்துக்காக அப்படி என்பார்கள். அது நமக்கும் ஒத்துவருகிறது. உளி மாதிரி நுனி வெட்டிய நிப்பு ஒன்றையும் எழுதிப் பாருங்கள். ட, ப, ம எல்லாம் கல்லில் வெட்டியது போல நிற்கும். அந்த மயக்கத்தில் உடனே வாங்கிவிடாமல் ‘ஞ’ ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தங்க நிப்பா, எஃகு நிப்பா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். 585 என்று பொறித்திருந்தால் 14 காரட், 750 என்றால் 18. பழைய மைகளின் அமிலம் எஃகை அரித்தது, தங்கத்தை அரிக்கவில்லை. தங்கம் வந்ததற்கு அதுதான் முக்கியமான காரணம். தாளைத் தொடுகிற பொட்டு எப்படியும் தங்கம் கிடையாது.

அந்தப் புள்ளி விழாத பேனாவை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அடுத்த கண்காட்சிக்கு எடுத்துப்போனேன். மூலையில் ஒருவர் விளக்கும் லென்ஸும் வைத்துக்கொண்டு நிப்பு சரிசெய்துகொண்டிருந்தார். பேர் கொடுத்துவிட்டுக் காத்திருந்து உட்கார்ந்தேன். எழுதுங்கள் என்றார். எழுதினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வரி முடிவதற்குள் பேனாவை இடதுபக்கம் கொஞ்சம் உருட்டுகிறீர்கள், தெரியுமா?” என்றார். தெரியாது. இத்தனை வருடம் எழுதியிருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை. மெல்லிய உரசுத் தகடு ஒன்றில் நிப்பை வைத்து எட்டுப் போடுவது போல நாலு சுற்றுத் தேய்த்தார். துடைத்தார், லென்ஸில் பார்த்தார், மை தொட்டு எழுதினார், மறுபடி தேய்த்தார். ஆறேழு தடவை இதே. ஒவ்வொரு தடவையும் அவர் தேய்த்தது தூசி அளவுகூட இருக்காது. பிறகு என்னிடம் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் ஒரு வரி முழுக்க வெறும் புள்ளியாக வைத்துக்கொண்டு போனதைப் பார்த்து விழித்தார். எல்லாம் விழுந்தது. அந்தப் பேனாவில்தான் இந்தப் பதிலையும் முதலில் எழுதினேன்.

கண்காட்சிக்குப் போனால் பேனா வாங்கியாக வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. உங்கள் ஒரே பேனாவையும் கையோடு எடுத்துப்போய் இப்படி ஒருவரிடம் காட்டலாம். வாங்குவதாக இருந்தால் தொகையை வீட்டிலேயே முடிவுசெய்து தனியாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள், முதல் சுற்றில் அதைத் தொடாதீர்கள். பழைய பேனா என்றால், “சீர்செய்ததா, பை மாற்றியதா, மை விட்டு எழுதிப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வருகிற பதில் முக்கியம்.

தாத்தாவின் பேனாவுக்கு வருகிறேன். உடம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், தேய்ந்துபோன பெயர் எழுத்துகள் தெரியக்கூடும். நெடுங்காலம் எழுதிய நிப்பு என்றால் நுனி ஒருபக்கமாகத் தட்டையாகியிருக்கும். அவர் பேனாவை எந்தச் சாய்வில் பிடித்தாரோ அந்தச் சாய்வுக்கே தேய்ந்திருக்கும். உங்கள் கை வேறு மாதிரி பிடித்தால் அந்தத் தட்டையின் விளிம்பு தாளைக் கீறும். சரிசெய்கிறவர் பை மாற்றிய கையோடு, “நுனியையும் உங்கள் கைக்குத் தேய்த்துத் தரட்டுமா?” என்று கேட்பார். சரி என்பதா வேண்டாம் என்பதா, அது உங்கள் இஷ்டம். சொல்வதற்கு முன்னால் அவருடைய லென்ஸை மட்டும் ஒரு நிமிடம் வாங்கி அந்த நுனியைப் பாருங்கள். பிறகு பேனாவைக் கையில் எடுத்து, அந்தத் தட்டை தாளில் முழுதாகப் படிகிற வரைக்கும் மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். அவர் பிடித்த பிடி அகப்படும்.

அது எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.