கிளிநொச்சியில் லீசிங் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறேன். விளையாட்டுத் துறைக்கு மாற எம்.பி.ஏ. (வணிக நிர்வாக முதுமாணி) படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் பட்டத்தை வாங்கிய பிறகு துறைக்குள் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். முதலில் துறைக்குள் காலை வையுங்கள், படிப்பு அதோடு சேர்ந்து வரட்டும்.

31 வயது, வணிகப் பட்டம், பின்னேரங்களில் ஊர்க் கழகத்துக்கு உதைபந்தாட்டம், வேலையில் மனம் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடத்துக்கு முன் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். மல்லாவிப் பக்கம் எங்கள் ஊர். தவணை கட்டாதவர்களின் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் என் வேலை. சனி ஞாயிறுகளில் விடியற்காலை பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய் எம்.பி.ஏ. படித்தேன். "இருக்கிற வேலையை விட்டிட்டுப் பந்துக்குப் பின்னால ஓடப்போறியோ?" என்று அம்மா கேட்டா. அந்தக் கேள்வி நியாயமானது. உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். பதில் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

என்னை மாற்றியது எங்கள் கழகத்தின் கணக்குக் கொப்பிதான். வன்னியில் சுற்றுப்போட்டிகள் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலபோக அறுவடை முடிந்ததும் கழகங்கள் தொடங்கிவிடும். சுவிஸிலோ கனடாவிலோ இருக்கிற ஒருவர் தகப்பனின் ஞாபகார்த்தமாகக் கிண்ணமும் பரிசுப் பணமும் தருவார். அந்தக் காசு கிண்ணத்துக்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். அடுத்த வருடம் அவருக்கு வசதிப்படாவிட்டால் போட்டி இல்லை. நான் பொருளாளராக இருந்த வருடம் கிண்ணம் தந்த குடும்பம் கடைசி வாரத்தில் பின்வாங்கியது. மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடை முதலாளி கேட்டார்: "எத்தனை சனம் வரும் தம்பி?" எங்களிடம் பதில் இல்லை. "நிறைய வரும் அண்ணை" என்றுதான் சொன்னோம். அவர் ஐயாயிரம் ரூபாய் தந்து அனுப்பினார்.

அப்போது வகுப்பில் சந்தைப்படுத்தல் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த போட்டியில் நான் விளையாடவில்லை. மைதான வாசலில் கொப்பியோடு நின்று மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள்களையும் எண்ணினேன். யார் எந்த ஊர், எத்தனை பேர் குடும்பமாக வந்தார்கள், எத்தனை பேர் குளிர்பானம் வாங்கினார்கள் என்று தம்பிமாரை வைத்துக் குறித்தேன். செலவுகளைப் பிரித்து, எத்தனை அணி நுழைவுக் கட்டணம் கட்டினால் கையைக் கடிக்காது என்று கணக்குப் பார்த்தேன். நிதி முகாமைத்துவத்தில் வரவும் செலவும் சமமாகும் இடத்தைச் சமநிலைப் புள்ளி என்று படிப்போமே, அது எனக்கு உண்மையில் விளங்கியது அந்த மைதானத்தில்தான். அடுத்த வருடம் அதே முதலாளியிடம் இரண்டு பக்க அறிக்கையோடு போனோம். வாசித்தார், மைதானத்தின் ஒரு பக்கத்து விளம்பரப் பதாகைகள் முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

என் ஆய்வுக் கட்டுரையையும் அதிலேயே செய்தேன்: ஊர்க் கழகங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, ஏன் நிலைப்பதில்லை. இப்போது செய்யும் வேலை கிடைத்தது அதனால்தான். வவுனியாவில் இருந்துகொண்டு, கொழும்பு நிறுவனம் ஒன்றுக்காக வடக்கில் பாடசாலை, கழகச் சுற்றுப்போட்டிகளை ஒழுங்குசெய்கிறேன். நேர்முகத்தில் பட்டத்தைப் பற்றி ஒரு கேள்விதான் வந்தது, மீதி நேரம் முழுக்க அந்த அறிக்கையைப் பற்றித்தான் பேசினோம். சம்பளம் முதல் வருடம் பழைய வேலையைவிடக் குறைவு. அதற்குத் தயாராகச் சேமித்து வைத்திருந்ததால் சமாளித்தேன்.

ஆகவே படிப்பைத் தெரிவுசெய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். பட்டங்களை மட்டங்களாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடங்களை மட்டும் முடித்துப் பெறும் முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம். உங்களுக்கு ஆய்வு உள்ளதே நல்லது. சாதாரண எம்.பி.ஏ. விளையாட்டைப் பற்றி எதுவும் கற்றுத்தராது, விளையாட்டை அதற்குள் கொண்டுபோக உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாசல் அந்த ஆய்வு. பயிற்றுநர் ஆவதற்கு எம்.பி.ஏ. தேவையே இல்லை, அதற்கு உரிமப் பயிற்சிகள் தனியாக இருக்கின்றன. பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தர் பதவிக்கான பாதையும் வேறு.

வெளிநாட்டுப் படிப்பையும் கேட்டிருந்தீர்கள். இந்தத் துறைக்கென்றே முதுமாணிப் படிப்பு அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 1966இலேயே தொடங்கிவிட்டது. லிவர்பூல் பல்கலைக்கழகம் 1997இல் உதைபந்தாட்டத் துறைக்கான எம்.பி.ஏ.யைத் தொடங்கியது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் பெயரில் உள்ள விளையாட்டு முகாமைத்துவ முதுமாணிப் படிப்பு, ஃபிஃபா மாஸ்டர், லெஸ்டர், மிலான், நியூஷடெல் என்று மூன்று நாடுகளில் நடக்கிறது. எல்லாம் நல்ல படிப்புகள்தான், ஆனால் காணியை ஈடுவைத்துப் போகாதீர்கள், தயவுசெய்து. புலமைப்பரிசில் கிடைத்தால் மட்டும் போங்கள். பிரித்தானிய அரசு தரும் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், உங்களிடம் அது ஏற்கனவே இருக்கும். முடித்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும். அது நமக்குக் குறை அல்ல, வேலை செய்ய வேண்டிய இடமே இங்குதான்.

இங்கே வேலை எங்கே இருக்கிறது என்றால், லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடரைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். 2020இல் தொடங்கியபோது முதல் கிண்ணத்தை யாழ்ப்பாண அணிதான் வென்றது. சந்தோஷம்தான். ஆனால் அது சில வாரங்களில் முடிந்துவிடும், அதை நம்பி வருடம் முழுக்க இருக்க முடியாது. ஜெர்சி அச்சிடுபவர்கள், உபகரணக் கடைகள், உள்ளக மைதானங்கள், போட்டி ஒழுங்கமைப்பு நிறுவனங்கள், சங்கங்களின் அலுவலகங்கள் என்று பாருங்கள். சங்கங்களில் சம்பளத்துக்கு ஆள் எடுப்பது குறைவு, ஆனால் நிர்வாகம் தெரிந்தவர்கள் அங்கேதான் மிகவும் தேவை. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டத்தை இடைநிறுத்தியது, அதே வருடம் நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் பேரவை நமது கிரிக்கெட்டை இடைநிறுத்தியது. இரண்டுமே நிர்வாகச் சிக்கலால் வந்தவை, மைதானத்தில் ஆடியவர்கள் செய்த பிழை எதுவும் இல்லை. நமது பிள்ளைகள் வெறுங்காலோடு பயிற்சி எடுத்து மாகாண மட்டம் வரை போகிறார்கள், அதற்கு மேல் கொண்டுபோக ஆள் இல்லை. எனக்கு அது தாங்கமுடியாத கவலை. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். இந்த வருடக் கூட்டத்தில் உங்கள் கழகத்தின் பொருளாளர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சுற்றுப்போட்டியின் வரவு செலவை ஒரு ரூபாய் விடாமல் எழுதுங்கள். அந்தக் கொப்பியோடு எம்.பி.ஏ. விண்ணப்பத்தை நிரப்புங்கள். நான் எழுதிய கணக்குப் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.