கேள்வி – பதில்: பெயரில்லாத மருமகள்

கேள்வி: பழைய சீனச் சமூகத்தைச் சித்திரிக்கும் கதைகளில் பெண்களைத் துன்புறுத்துபவர்களாகப் பெரும்பாலும் மாமியாரும் மூத்த மனைவியும் தாயுமே வருகிறார்கள். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்றுதான் அந்த எழுத்தாளர்கள் சொல்கிறார்களா?

பதில்: அடிக்கிற கை பல கதைகளில் பெண்ணுடையது என்பது உண்மை, அந்தக் கைக்கு அதிகாரத்தைக் கொடுத்தது யார் என்பதே அக்கதைகளின் விசாரணை. லூ சுன் 1924இல் எழுதிய 'புத்தாண்டுப் படையல்' கதையில், விதவை ஒருத்தி மாமியார் வீட்டிலிருந்து தப்பி வந்து லூசென் ஊரில் வேலைக்குச் சேருகிறாள். மாமியார் ஆள்வைத்து அவளைத் தூக்கிச் சென்று, மலைக்கிராமத்தில் ஒருவனுக்கு 80,000 காசுக்கு விற்று, அந்தப் பணத்தைக் கொண்டே இளைய மகனுக்குப் பெண் எடுக்கிறாள். அவள் கொடுமைக்காரிதான். ஆயினும் மகன்வழியாகவே குடும்பம் தழைக்கும், மருமகளை விலை கொடுத்துத்தான் கொண்டுவர வேண்டும், இறந்த மகனின் மனைவி அந்த வீட்டின் உடைமை என்ற விதிகளில் ஒன்றைக்கூட அவள் உண்டாக்கவில்லை. தந்தைக்கும், பிறகு கணவனுக்கும், அவனும் போன பின் மகனுக்கும் அடங்கியிருக்கக் கற்பிக்கப்பட்ட பெண்ணுக்கு, தன் மருமகள் ஒருத்தியே அதிகாரம் செலுத்தக் கிடைத்த உயிர்.

கதாநாயகியின் சொந்தப் பெயர் நமக்குக் கடைசிவரை தெரிவதில்லை. முதல் கணவன் பெயரால் 'சியாங்லின் மனைவி' என்றழைக்கப்பட்டவள், இரண்டாம் கணவனைக் காய்ச்சலுக்கும் குழந்தையை ஓநாய்க்கும் பறிகொடுத்துத் திரும்பி வந்த பின்பும் அதே பெயராலேயே அழைக்கப்படுகிறாள். உடன் வேலைசெய்யும் லியூ மா, இரண்டு கணவர்களும் மறு உலகில் உனக்காகச் சண்டையிடுவார்கள், எமன் உன்னை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பங்கிடுவான் என்கிறாள்; கோயிலுக்கு ஒரு வாசற்படி வாங்கிக் கொடுத்தால், அதை ஆயிரம் பேர் மிதிக்கையில் பாவம் தீரும் என்றும் சொல்கிறாள். கிட்டத்தட்ட ஓராண்டு உழைத்துச் சேர்த்த கூலியை அந்தப் படிக்குக் கொடுத்துவிட்டு, மனம் தெளிந்து படையல் பாத்திரத்தை எடுக்கப் போகிறவளை, இருமுறை விதவையானவள் தொட்டால் படையல் தீட்டாகிவிடும் என்று நம்பும் எசமானி, "அதை விட்டுவிடு" என்று தடுக்கிறாள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் கொடூரமாகத் தோன்றுவது மாமியார் செய்த கடத்தலைக் காட்டிலும் இந்த ஒரு சொல்தான். ஏனென்றால் அதைச் சொன்னவளுக்கு அவள்மேல் பகை எதுவும் இல்லை.

சாங் ஐலிங் 1943இல் எழுதிய 'பொன் விலங்கு' (குற்றவாளியின் கழுத்தில் மாட்டும் கனத்த பலகையே இங்கே விலங்கு) இதையே உள்ளிருந்து காட்டுகிறது. எள்ளெண்ணெய்க் கடைக் குடும்பத்துப் பெண் சீச்சியாவ், எலும்புருக்கி நோயில் படுத்துக் கிடக்கும் பணக்காரனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். பின்னாளில் சொத்து கைக்கு வந்ததும், மகளின் திருமணம் தகைந்துவரும் வேளையில், மகள் அபினுக்கு அடிமை என்று மாப்பிள்ளையின் காதில் இயல்பான பேச்சுபோலப் போட்டு அதைக் குலைக்கிறாள். தான் சுமந்த விலங்கின் கனத்த முனைகளாலேயே பிறரை வெட்டினாள் என்று ஆசிரியரே முடிவில் கூறுவதுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்.

ஆண் நேரடியாக விற்கும் கதையும் உண்டு. ரோவ் ஷி 1930இல் எழுதிய 'அடிமைத் தாய்' கதையில், வறுமையால் நொடித்த கணவன், பிள்ளையில்லாத பண்டிதர் ஒருவருக்குப் பிள்ளை பெற்றுத்தர மனைவியை 100 யுவானுக்கு மூன்றாண்டுகள் வாடகைக்கு விடுகிறான். அங்கே அவள் பெற்ற குழந்தை, பண்டிதரின் மனைவியை 'அம்மா' என்றும் தன்னைப் பெற்றவளைச் 'சித்தி' என்றும் அழைக்கப் பழக்கப்படுகிறது.

கேள்வி: இவற்றைத் தடுக்கச் சட்டம் எப்போது வந்தது?

பதில்: பாதங்களைக் கட்டிக் குறுக்கும் வழக்கத்தை 1912இல் குடியரசு அரசு தடைசெய்தது, ஊர்ப்புறங்களில் அது அதன் பிறகும் நீடித்தது. 1950 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, இருதார மணம், துணைமனைவி வைத்துக்கொள்ளுதல், சிறுவயது நிச்சயம், விதவை மறுமணத்தில் தலையிடுதல், திருமணத்தை முன்னிட்டுப் பணமோ பொருளோ பறித்தல் ஆகியவற்றைத் தடைசெய்தது. சியாங்லின் மனைவிக்கு அவள் மாமியார் வாங்கிய 80,000 காசு அந்தக் கடைசித் தடைக்குள் வருகிறது.