லைனிங்கும் லயமும்

கேள்வி: ஐயா, நான் வீட்டிலேயே தையல் எடுக்கிறேன். மூன்றாம் படிவம் படிக்கும் மகள், "பாஜு கூரோங்குக்கு உள்ளே வைக்கிற லைனிங்கும், நாம் வரிசையில் நிற்கிற லைனும் ஒரே சொல்லாம்மா?" என்கிறாள். அகராதியைத் திறந்தால் லைனுக்கு அர்த்தம் பக்கம் பக்கமாகப் போகிறது. எதைச் சொல்லிக்கொடுப்பது?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பிள்ளை கெட்டிக்காரி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அதுவும் உங்கள் தையல் மேசையிலேயே கிடக்கிறது. ஆளிச் செடிக்கு லத்தீனில் லினும் என்று பெயர். அதன் நாரில் நெய்த துணி லினன். அதை உடுப்புக்கு உள்ளே வைத்துத் தைத்ததால் லைனிங். அதே நாரில் முறுக்கிய நூல் லினியா. அதுதான் லைன் ஆனது. நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. தூண்டில் நூல், துணி காயப்போடும் கொடி, கவிதையின் அடி, ரயில் பாதை, டெலிபோன் கம்பி எல்லாம் அங்கிருந்து கிளம்பியவை. கம்பியே இல்லாத கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "லைன் இல்ல" என்று கத்துகிறோமே, அது பழைய கம்பியின் மிச்சம்.

நம் தோட்டத்து லயமும் இதே லைன்தான். வரிசையாகக் கட்டிய வீடுகளைத் துரைமார் லைன் என்றார்கள், நம் தாத்தாமார் லயம் ஆக்கிக்கொண்டார்கள். பாட்டில் வரும் லயத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

நான் தோட்டத்திலிருந்து டவுன் பள்ளிக்கூடம் போன முதல் வருஷம், 'என் வீடு' என்ற ஆங்கிலக் கட்டுரையில் 'நாங்கள் மூன்றாவது லைனில் குடியிருக்கிறோம்' என்று எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "ஏன், படத்துக்கு டிக்கெட் வாங்கவா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. என் ஆங்கிலம் சரியென்று சொல்ல அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. எட்டு வீட்டுக்கு ஒரு பைப்பு இருந்த இடத்துக்கு அந்தப் பெயரை வைத்ததே வெள்ளைக்காரன்தானே!

சரி, மகளுக்கு வருவோம். அர்த்தங்களை மனப்பாடம் பண்ண விடாதீர்கள். நூலை எங்கே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். புதுக்காட்டில் கயிறு கட்டி, முளையடித்து, ரப்பர் கன்றுக்கு நிரை பிடித்ததை வீட்டில் பெரியவர்கள் யாராவது பார்த்திருப்பார்கள், கேட்கட்டும். தமிழிலும் இதே கதைதான். தச்சன் பிடிப்பதும் நூல், நாம் படிப்பதும் நூல். மரத்தின் கோணலைத் தீர்க்கும் நூல் போல மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்று நன்னூல் பாயிரமே இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறது.

கேள்வி: 'லைன் அடிப்பது' எந்த ஊர் ஆங்கிலம்?
- வாசகர், தெலுக் இந்தான்

பதில்: இங்கிலாந்தில் போய்ச் சொன்னால் முழிப்பார்கள். அது நம் பையன்கள் சொத்து. லைன் கிடைக்காதவர்கள் தமிழிலேயே நூல் விட்டுப் பார்க்கலாம்.