ஒரே மீனுக்கு இரு சட்டங்கள்

கேள்வி: வியட்நாமிலிருந்து மலிவாக வரும் மீனிடமிருந்து தன் கெளுத்தி வளர்ப்பாளர்களைக் காக்க அமெரிக்கா சட்டம் இயற்றியதைக் குறை கூறுகிறார்களே, சொந்த நாட்டு உழவனைக் காப்பது குற்றமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: குற்றமே இல்லை. 2001 டிசம்பரில் வியட்நாமுடனான வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த காலத்தில் விலை சரிந்து தவித்த மிசிசிப்பி, அலபாமா, ஆர்கன்சா குளக்காரர்கள் அரசிடம் முறையிட்டது முற்றிலும் நியாயம். காத்த விதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வட அமெரிக்காவுக்கே உரிய இக்டலூரிடே குடும்பத்து மீனைத் தவிர வேறெதையும் 'கேட்ஃபிஷ்' (கெளுத்தி) என்று விற்கக் கூடாது என்றது 2002ஆம் ஆண்டு வேளாண் சட்டம். நம் ஊரில் மீசை வைத்த மீன் பலவற்றையும், ஆற்று மீனாயினும் கடல் மீனாயினும், கெளுத்தி என்றே அழைக்கிறோம். வியட்நாமின் மேகாங் ஆற்றுப் படுகையில் வளரும் மீனும் அந்த இனம்தான். அது 'பாசா', 'ஸ்வாய்' என்ற பெயர்களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்துகொண்டே இருந்தது. 2003இல் ஏறத்தாழ 37 முதல் 64 சதவீதம் வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் (நியாய விலைக்கும் குறைவாகக் கொண்டுவந்து குவிக்கப்படும் சரக்கின் மீதான வரி) விதித்துப் பார்த்தார்கள். பிறகு 2008ஆம் ஆண்டுச் சட்டம், கேட்ஃபிஷ் பரிசோதனையை உணவு, மருந்து நிர்வாகத்திடமிருந்து வேளாண் துறைக்கு மாற்றியது. 2015இல் அதற்கான விதிகள் இறுதியானபோது, விற்பதற்குக் கேட்ஃபிஷ் ஆகாத வியட்நாம் மீன், சோதிப்பதற்கு மட்டும் கேட்ஃபிஷ் ஆகிவிட்டது! இதை வீண் செலவு என்று கண்டித்தவர்களில் அந்நாட்டு செனட்டர் ஜான் மெக்கெய்னும் ஒருவர்.

தடை செய்யப்பட்ட மருந்தின் எச்சம் உள்ள மீனைத் திருப்பி அனுப்ப எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் உண்பவரின் நலமே நோக்கமென்றால், அதைவிடப் பல மடங்கு இறக்குமதியாகும் இறாலைப் பழைய நிர்வாகத்திடமே விட்டுவிட்டு, இந்த ஒரு மீனை மட்டும் ஏன் பிரித்தெடுக்க வேண்டும்? வியட்நாமின் பரிசோதனை முறை தங்களுடையதற்கு இணையானது என்று 2019இல் அமெரிக்காவே ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையே அந்தக் குளக்காரரின் நிலை என்ன? 2008ஐ ஒட்டிச் சோயாவும் மக்காச்சோளமும் விலையேறித் தீவனச் செலவு கழுத்தை நெரித்தபோது, பலர் குளங்களைக் கைவிட்டார்கள். 2003இல் உச்சத்தில் இருந்த உற்பத்தி பின்னர் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது. மீனின் பெயருக்குப் போட்ட வேலியால் தீவன விலையைத் தடுக்க முடியவில்லை. அவருக்கு உண்மையில் உதவக்கூடியது, தட்டில் இருக்கும் மீன் எந்த நாட்டுடையது என்பதை உண்பவருக்குச் சொல்லும் கட்டாயம். கடைகளுக்கு அதை விதித்த கூட்டாட்சிச் சட்டம், உணவகங்களுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது.